சின்ன அறையில் கேட்ட சிட்டு

அம்மாவின் தங்கை ஒரு குருவியைக் கட்டி அழுகிறார் என்று அப்பா அடிக்கடி சொல்வார். சித்திக்கு வேலையே அதுதான். கொலம்பியாவில் முகில் உரசும் ஒரு மலைக்காடு. அந்தக் காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு ரீங்காரச்சிட்டு. பெருவிரல் அளவுதான் இருக்கும், பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். சித்தி வருடத்தில் பாதியை அங்கே கழிப்பார். அந்த ஊர்ப் பெண்களோடு சேர்ந்து, சிட்டுக்குத் தேன் தரும் மரங்களின் கன்றுகளை நட்டு, மாடுகள் மேயாதபடி வேலி போடுவார். மிச்சப் பாதி, லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு மாடியின் சின்ன அறையில்.

எனக்கு ஏழு வயதான வருடம் சித்தி, சொன்ன நாளுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். புல் தளிர்க்கட்டும் என்று அடிவாரத்தில் யாரோ வைத்த நெருப்பு காற்றில் மேலேறி, வேலியையும் கன்றுகளையும் காட்டையும் தின்றுவிட்டிருந்தது. அது அணைந்தபின் சித்தி பல வாரம் அங்கேயே தேடியிருக்கிறார். சிட்டின் பதிவுசெய்த குரலைப் போட்டால், உயிரோடிருக்கும் சிட்டு தன் இடத்துக்குப் போட்டி வந்துவிட்டதென்று பதில் குரல் கொடுக்குமாம். ஒன்றும் கொடுக்கவில்லை. இதெல்லாம் வளர்ந்த பிறகு நான் அறிந்தது. அன்று எனக்குச் சொல்லப்பட்டது, சித்திக்குக் களைப்பு, கரைச்சல் கொடுக்காதே என்பது மட்டும்.

சித்தி அறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மா கொண்டுபோகும் புட்டு ஆறித் திரும்பி வரும். கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் மட்டும்: ட்ஸிப், ட்ஸிப், ட்ஸீ. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் அதே. சித்தி தனியாக ஏதோ விளையாடுகிறார், பதில் சொல்லத்தான் ஆளில்லை என்று நினைத்தேன்.

முன்பல் விழுந்த ஓட்டை எனக்கு உதவியது. குளியலறையைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் அந்தச் சத்தத்தைப் பழகினேன். சனிக்கிழமை காலை, அப்பா ஷிப்டுக்குப் போனபின், சித்தியின் கதவருகே குந்தியிருந்தேன். சத்தம் நின்றதும் நான் பதில் கொடுத்தேன்.

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. கதவு படாரென்று திறந்தது. சித்தி என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே, கூரையை, மூலை மூலையாகப் பார்த்தார். பிறகுதான் கீழே பார்த்தார்.

“நீயோ?”

“ஓம் சித்தி. சரியாச் செய்தனானோ?”

அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். என் தலையைத் தடவினார். “ஓம் குஞ்சு. சரியாத்தான் செய்தனீ.”

அன்று மத்தியானம் கீழே வந்து எங்களோடு சாப்பிட்டார். அறையில் அந்தச் சத்தம் பிறகு கேட்கவேயில்லை. குளிர்காலத்துக்கு முன் கவுன்சிலில் ஒரு வேலைக்குச் சேர்ந்தார். மலைக்குத் திரும்பிப் போகவில்லை. சித்தியைச் சுகப்படுத்தியது நான்தான் என்று பள்ளிக்கூடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மாவிடமும் சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

குட்மேய்ஸில் ஒரு வீட்டு மாடியில் அந்தச் சிட்டு இருக்க வழியில்லை என்பதைச் சித்தியைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அறிந்திருந்தும் ஓடிவந்து கதவைத் திறந்தார். அவர் கூரையைத் தேடிய அந்தச் சில கணங்கள் ஒரு சிட்டு உயிரோடிருந்தது. என் முகத்தைக் கண்டதும் அதுவும் போய்விட்டது. நானோ, சரியாகச் செய்தேனா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.