பயத்துக்கு 'வாங்க' சொன்னவர்

என் பெண்சாதியின் அண்ணன் என்னை ஒருநாளும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதிலிருந்து எனக்கு இந்த மனத்தாங்கல். கதவைத் திறப்பார், மூஞ்சியைப் பார்ப்பார், "ம்" என்பார், உள்ளே போய்விடுவார். நாய்க்குக்கூட இதைவிட நல்ல வரவேற்பு கிடைக்கும் என்று இவளிடம் கத்துவேன். "அவர் சுபாவம் அது" என்பாள். தன் ரத்தத்தை விட்டுக்கொடுப்பாளா?

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூண்டின் மேல் ஏறி நின்று, இருட்டுக்குள் இரும்புக் கயிறுகளைச் சோதிக்கிற வேலை. ஒரு நாள் அவர் மேலே நிற்கும்போதே கூண்டு பிடி நழுவி இறங்கியது. பாதியில் பிரேக் பிடித்ததால் உயிர் தப்பினார். அதற்கப்புறம் எந்த லிஃப்டுக்குள்ளும் கால் வைக்கமாட்டார். உச்சியில் இருக்கிற மோட்டார் அறைக்கு மூச்சிரைக்கப் படியேறிப் போவார். கூட வேலை செய்கிறவர்கள் விடுவார்களா?

"அண்ணே, நீங்க லிஃப்ட் மெக்கானிக்கா, படிக்கட்டு மெக்கானிக்கா?"

சிரித்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைப்பார்.

பிறகு நெஞ்சில் அடைப்பு என்றார்கள். ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆள் தாங்கமாட்டார். ஆபரேஷன் அறையோ ஆறாவது மாடியில். அவர் படியேறக் கூடாது. கத்திக்கு மனுஷன் பயப்படவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு திறந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் தியானத்தில் உட்கார ஆரம்பித்தார். யாரோ சொல்லிக்கொடுத்தது. ஒரு காலையில் நான் போனபோது கதவு திறந்தே கிடந்தது. சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடியிருந்தார். முகமெல்லாம் வேர்வை, பல் தந்தியடிக்கிறது. "வாங்க... வாங்க... உட்காருங்க" என்கிறார். எதிரே ஈ காக்காய் இல்லை. புத்தி பிசகிவிட்டதா?

"மச்சான், யாரோட பேசுறீங்க?"

"பயத்தோட."

"அதுக்கு மரியாதை ஒரு கேடா?"

"போடான்னு சொல்லிப் பார்த்தேன், கழுத்தைப் பிடிச்சுது. வாங்கன்னா நெஞ்சுல வந்து உட்காருது. கனமாத்தான் இருக்கு. ஆனா கழுத்தை விட்டுடுச்சு."

"அப்புறம் போயிடுமா?"

"எந்த விருந்தாளிடா போறேன்னு சொல்லியிருக்கான்? போயிட்டு வரேன்னுதான் சொல்லும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கிடைக்காத மரியாதை இந்தச் சனியனுக்கா என்று எரிச்சல்தான் வந்தது.

மறுபடியும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். தள்ளுவண்டியில் படுக்கவைத்து, நர்ஸ் அவரை லிஃப்டுக்குள் தள்ளினாள். நானும் ஏறினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. வண்டிக் கம்பியைப் பிடித்த கை ஆடிய ஆட்டத்தில் கம்பியே கிணுகிணுத்தது. கதவு மூடாமல் நிறுத்திவைக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றேன். எழுந்து ஓடுவதென்றால் ஓடட்டும். மேலே போய் ஏதாவது ஆகிவிட்டால் இவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

"வேணாம்னா சொல்லுங்க மச்சான், இறங்கிடலாம்."

"என்ன சார், டாக்டர் காத்திருக்காரு" என்றாள் நர்ஸ்.

அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நடுக்கம் நிற்கவே இல்லை. அப்படியே கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"விரலை எடுடா. கதவு மூடட்டும்."