குதிகால் தரையில் பட்டது

எங்கள் வீட்டில் இருப்பது முட்டியை மடக்கித் தரையோடு உட்கார வேண்டிய பழைய மாதிரிக் கக்கூஸ். போன கோடையில் முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்ததும், அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. தூக்கிவிடுவதற்காக வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நிற்பார். நிமிஷத்துக்கு ஒரு தரம் "ஆச்சாமா?" என்று குரல் வேறு.

"கத்தாதய்யா, தெருவுக்கே கேக்குது!" என்று உள்ளேயிருந்து சீறுவேன். பாவம், நல்ல மனுஷன்தான். ஆனாலும் எனக்கு மானமே போயிற்று. கடைசிவரைக்கும் இப்படித்தானா என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பிசியோதெரபி செய்கிற பெண்ணுக்கு மதுரைப் பக்கம். "குந்துங்க, பார்ப்போம்" என்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் குந்து என்றால் உட்கார் என்றுதானே அர்த்தம்! அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்படி இல்லைங்க, கக்கூஸ்ல உக்கார்ற மாதிரி."

உட்கார்ந்து காட்டினேன். முட்டியைப் பார்ப்பாள் என்று நினைத்தால், பாதத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தன. குதிகால் தூக்கிக்கொண்டு, பாரமெல்லாம் விரல்களில்.

"என்ன வேலைங்க பார்க்குறீங்க?"

"பட்டுத் தறிமா."

தறிக்குழியில் நாள் முழுக்க முன்பாதத்தால்தான் மிதியை அழுத்துகிறோம். குதிகாலுக்கு வேலையே கிடையாது. அதனால் கெண்டைக்கால் இறுகிப்போயிருக்கிறது என்றாள். "குதிகால் கீழ இறங்கலேன்னா பாரம் பூராவும் முட்டிக்குத்தான் போகும்."

பாதங்களை அகட்டி, விரல்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, முட்டியும் அதே பக்கம் போகும்படி உட்காரச் சொன்னாள். குதிகாலை இறக்கினதும் மல்லாக்க விழப்போனேன். குதிகாலுக்கு அடியில் மெல்லிசான பலகை ஒன்றைச் செருகினாள். உடம்பு நின்றது. வீட்டில் தினமும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே பழகினேன். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டி இழுத்தால், "இன்னாமா, செவுத்தத் தள்ளிக்கினு இருக்க?" என்று அவர் கிண்டல் செய்வார். மெல்ல மெல்லப் பலகையும் தேவையில்லாமல் போயிற்று. ஆனாலும் தனியாகப் போக மட்டும் துணிச்சல் வரவில்லை.

மாகறலில் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து. அங்கேயும் அதே மாதிரிக் கக்கூஸ்தான். அவசரத்துக்குத் தேடினால் இவர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் தனியாகப் போனேன். பாதம் முழுக்கத் தரையில் பதிய உட்கார்ந்தேன். அப்படியே எழுந்தும் விட்டேன். அப்பாடா என்றிருந்தது. அழுகையும் வந்தது, அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு பந்திக்குப் போய் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். "இன்னாமா, இவ்ளோ தாகமா?" என்று கேட்டார் அவர். அடிக்கடி அவரைக் கூப்பிட வேண்டியிருக்கக் கூடாதே என்று, அந்தக் கோடை முழுக்க நான் தாகத்தோடுதான் நெய்தேன் என்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.