தேனில் குழைத்த மாத்திரை

பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிற யாரும் தொண்டைக் கரகரப்பை நோயாக எண்ணுவதில்லை. பஞ்சு பறக்கிற இடத்தில் தொண்டை கமறத்தான் செய்யும். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் ஒதுக்கிக்கொண்டு அடுத்த தறிக்குப் போவோம். அந்தப் பழக்கம் என் மனைவி சரசுவைக் கொன்றிருக்கும். கார்பிமசோல் சாப்பிடுகிறவர் இருக்கும் வீட்டில் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அறுந்த நூலை முடிச்சுப் போட முடியவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. கோவையில் ரத்தம் பார்த்த டாக்டர், தைராய்டு (கழுத்தில் இருக்கும் சுரப்பி) அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார். கார்பிமசோல் (அந்தச் சுரப்பை அடக்கும் மாத்திரை) எழுதித் தந்தார்.

"ஒரு வேளைகூட விட்டுப்போடாதீங்க. ஆனா காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், எது வந்தாலும் மாத்திரைய நிறுத்திப்போட்டு அன்னைக்கே ரத்தம் பாத்தாகணுமுங்க" என்றார்.

முதல் பாதியை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தொண்டை வலியாமே! எங்கள் ஊரில் தொண்டை வலிக்காதவன் யார்?

ஐந்து வாரத்தில் நடுக்கம் நின்றது. ஆறாவது வாரம் தொண்டை கமறுகிறது என்றாள். வெல்லம் கொடுத்தேன். மறுநாள் காய்ச்சல். மெடிக்கலில் செட் மாத்திரை (பல மாத்திரைகளைப் பொட்டலமாக மடித்துத் தருவது) வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் நெஞ்சு மறுபடி படபடத்தது. காய்ச்சலால்தான் அப்படி அடித்தது என்பது பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். பயந்துவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும்.

"தைராய்டு மாத்திரைய உட்டுப்போட்டயா?"

"முழுங்க முடியலீங்க. எச்சில் முழுங்குனாலே உசுரு போகுது. நாளைக்குப் போட்டுக்கறேனுங்க."

"நாளைக்கு நாளைக்குன்னா நோவு திரும்பீரும். வாயத் தொற."

மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி, தேனில் குழைத்து, தாடையைப் பிடித்து ஊட்டினேன். கண்ணில் நீர் வழிய விழுங்கினாள். மறுநாள் காலையும் அப்படியே செய்தேன்.

அன்று மதியம் உதட்டோரம் புண் வெடித்திருந்தது. கூப்பிட்டால் முனகல்தான் வந்தது. கோவைக்கு வாடகைக் கார் பிடித்தோம். சூலூர் தாண்டும்போது அவள் கை தோசைக்கல்லாய்க் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் வெள்ளை அணுக்களைத்தான் எண்ணினார்கள். நாலாயிரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, எழுநூறுதான் இருந்தது. அக்ரானுலோசைட்டோசிஸ் (கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் அற்றுப்போவது) என்றார் அதே டாக்டர். அபூர்வமாகச் சிலருக்கு அந்த மாத்திரை இப்படிச் செய்துவிடுமாம்.

"கடைசியா எப்பங்க மாத்திரை போட்டாங்க?"

கண் திறக்காமலே சரசுதான் பதில் சொன்னாள்.

"காலைலதானுங்க. நாந்தான் மறந்து போட்டுட்டேனுங்க."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அம்மணி!" என்று அவளைத்தான் வைதார். நூற்றுநாலு டிகிரியில் கிடந்தவள் எனக்காகத் திட்டு வாங்கினாள். நான் வாய் திறக்காமல் நின்றேன். சீ, என்ன மனுஷன் நான்!

மாத்திரையை நிறுத்தினார்கள். தனி அறை, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் (கிருமியைக் கொல்லும் மருந்து). சாதாரணச் சளிகூட அவளைச் சாய்த்துவிடும் என்று என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். காலையில் ரத்தம் எடுப்பார்கள், மதியம் எண் வரும். அறுநூறு. ஐந்நூறு. மறுபடி ஐந்நூறு. கண்ணாடி வழியே அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் போய்விட்டால் கொன்றவன் யார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் ஆயிரத்து இருநூறு வந்தது. பத்தாம் நாள் மூவாயிரத்தைத் தாண்டியது. அன்று வராந்தாவில் டாக்டரை மறித்து, "நாந்தானுங்க பொடிச்சு ஊட்டுனேன்" என்றேன்.

"தெரியுமுங்க. எச்சில் முழுங்க முடியாதவங்க தானா மாத்திரை முழுங்குவாங்களா?" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குள் போய்விட்டார்.

அந்த மாத்திரையை ஆயுளுக்கும் அவள் தொடக்கூடாது. உடம்பு தேறியபின் ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்தார்கள். இப்போது அதற்கு ஈடாக வேறு மாத்திரை. தினமும் வெறும் வயிற்றில் அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

இதைப் படித்துப் பயந்து, நன்றாக இருக்கும்போது நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். பெரும்பாலோருக்கு இப்படி ஆவதில்லை. ஆனால் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். தூசி, பனி, தண்ணீர் மாறியது என்று காரணம் தேடாதீர்கள்.

சரசு தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் இன்றும் என் கண் அவள்மேல் போய் நிற்கிறது. அவள் தொண்டை ஏறி இறங்க வேண்டும், முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். அந்த ஒரு மடக்குக்குள் எனக்கு ஒரு பகல் போய்விடுகிறது.

"ஏனுங்க, அப்படி என்னத்தப் பாக்கறீங்க?" என்பாள்.

"ஒண்ணுமில்ல அம்மணி. குடி."