அம்மாவின் கையைக் கண்டுபிடி

இன்று பசறையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மைக் பிடித்து விளையாட்டு நடத்தியது நான்.

எல்லா ரிசப்ஷனிலும் இதை வைப்பேன். கல்யாணப் பெண்ணின் கண்ணைக் கட்டிவிட்டு, ஐந்து பெண்களை வரிசையாக உட்கார வைப்பேன். கையை மட்டும் தொட்டுப் பார்த்து அம்மாவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அம்மா இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவர். சுலபமாக இருக்கட்டும் என்று அவரையே முதலில் உட்கார வைத்தேன்.

பெண் முதல் கையைத் தடவினாள். உடனே விட்டுவிட்டாள்.

"இது இல்ல. எங்கம்மா கை சொரசொரன்னு இருக்கும்."

நான்காவது கையைத் தொட்டதும் கத்தினாள்: "இதுதான்!"

அது மாமியாரின் கை. அவரும் கொழுந்து பறிக்கிறவர்தான். மண்டபமே சிரித்தது.

கண்கட்டை அவிழ்த்ததும் பெண் தன் அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னம்மா பண்ணுன?"

"போட்டோவுல கொழுந்துக் கறை தெரியும்னு ஒரு வாரமா எலுமிச்சங்கா போட்டுத் தேச்சேன் புள்ள. கிரீமும் பூசுனேன். ஒனக்கு வெக்கமா இருக்கக் கூடாதுல்ல."

"எனக்கு அந்தக் கைதாம்மா வேணும்." போட்ட மேக்கப் எல்லாம் கண்ணீரில் போயிற்று.

"அழாத. திங்கக்கிழமை கொழுந்தெடுக்க மலைக்குப் போனா தானா வந்துரும்."

அடுத்த விளையாட்டு என்ன என்று மண்டபமே என்னைப் பார்த்தது.

நீங்களாக இருந்தால் என்ன வைத்திருப்பீர்கள்?