தாயத்தைக் கழற்றச் சொன்னவன்

அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் ஏழாயிரம்பண்ணையிலிருந்து எழுதுகிறேன். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. அப்படிப்பட்டவனுக்கும் அவள் இரங்கினாள்.

அப்போது பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை எனக்கு. போன கோடையில் பக்கத்துக் கம்பெனி வெடித்தது. எங்கள் வீட்டு ஓடுகள் சரிந்தன. அன்றிலிருந்து நான் திரும்பும்வரை என் மனைவிக்குச் சோறு இறங்காது. அரசு வெடிமருந்துக் கிடங்குக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கச் சொல்லி அவள்தான் பிடித்துத் தள்ளினாள்.

"அங்கனயும் மருந்துதான். ஆனா பாதுகாப்பா வேல நடக்கும்லா? இத விட்டா ஒங்களுக்கு வயசு தாண்டிரும்."

எழுத்துத் தேர்வில் தேறினேன். சந்தோஷம் வரவில்லை. வேலையை முன்பே யாருக்கோ விற்றிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. செய்முறைத் தேர்வுக்கான தபால் தாமதமானதற்குத் தபால்காரரையே சந்தேகப்பட்டேன். மாரியம்மன் கோயிலில் பித்தளைத் தாயத்து ஒன்றை மந்திரித்து வாங்கி அரைஞாணில் கட்டினேன். வேலை கிடைக்கும்வரை கழற்றுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். "எனக்குக் குழி பறிக்கிறவனைக் காட்டிக்கொடு, ஆத்தா." இதுதான் என் வேண்டுதல்.

தேர்வு நாளில் கிடங்கு வாசலில் பெரிய வரிசை. இடங்களோ கொஞ்சம். எனக்குப் பின்னால் விஸ்வநத்தத்துச் செல்வம் நின்றான். அவனும் தேர்வுக்கு வந்தவன்தான். நான் இடுப்பைத் தடவித் தடவிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறான்.

"அண்ணே, தாயத்து கெடக்கா? கழத்தி வச்சிருங்க. வாசல்லயே திருப்பி அனுப்பிருவாக."

எனக்குச் சுருக்கென்றது. உரசினால் பொறி பறக்கும், மருந்துப் பக்கம் உலோகம் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? சாவி, செல்போன் எல்லாம் பையில் போட்டாயிற்று. ஆனால் எங்கள் கம்பெனிகளில் அரைஞாணை யாரும் கேட்பதில்லை. அது சாமி காரியம். நேர்ச்சையை முறிக்க வைத்து என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறான், நான் கேட்ட குழி பறிக்கிறவன் இவனேதான் என்று முடிவு கட்டினேன்.

அங்கிருந்த வேப்பமரத்தடியில் போய்க் கண்ணை மூடினேன். "தாயே, இது சூதா, நிஜமா?" கெஞ்சினேன்.

கண்ணைத் திறந்தேன். செல்வம் தன் கல்யாண மோதிரத்தை எச்சில் தொட்டு இழுத்துக்கொண்டிருந்தான். விரல் கன்றிப்போயிருந்தது. எனக்குச் சொன்னதைத்தான் அவனும் செய்துகொண்டிருந்தான். அரைஞாணை அவிழ்த்து வேப்பங்கிளையில் கட்டினேன். அவள் பொருளை அவளிடமே ஒப்படைத்தேன்.

வாசலில் உலோகம் காட்டும் கருவியை வைத்து இடுப்புவரை சோதித்தார்கள். எனக்கு முன்னால் நின்றவர் அரைஞாணில் ஒரு ஊக்கு இருந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இருவருமே தேறினோம். ஒரே கிடங்கில் வேலை செய்கிறோம். உள்ளே நுழையுமுன் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும் என்பது அங்கே விதி; அவன் என்னைச் சோதித்த பிறகே நான் உள்ளே போகிறேன். அவன் கை என் சட்டைப்பையைத் தடவும்போது இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை.

குழி பறிக்கிறவனைக் கேட்டேன். அவள் கை கொடுக்கிறவனைக் காட்டினாள். உங்கள் தவிப்பையும் அவளிடம் சொல்லுங்கள். உதவி எந்த முகத்தோடு வர வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.