கடலுக்கு மேல ஊமையாப் போன ப்ளேன்

முனியாண்டி ஐயாகிட்ட நான் ஒரு தப்பான வேண்டுதல் வெச்சேன். அது பலிச்சுச்சு. அன்னிக்கு மத்தியானம் ஆளுங்க நிறைஞ்ச ஒரு ப்ளேன் காணாம போச்சு.

என் பேரு குணசேகரன். வீடு பெர்மாஸ் ஜெயாவுல. உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், வெள்ளிக்கிழமை பூசைக்கு முனியாண்டி ஐயாவுக்குச் சுருட்டு வாங்கிட்டு வர்ற ஆளு. என் வேலை என்னன்னு நிறைய பேருக்குத் தெரியாது. செனாய்ப் பக்கம் ப்ளேன் பழுது பார்க்கிற ஒரு ஹேங்கர்ல இருபது வருசமா மெக்கானிக்கா இருந்தேன். கம்பெனி பேரு இங்க வேண்டாம். தப்பு கம்பெனியோடது இல்ல, என்னோடது. அதைச் சொல்லத்தான் இன்னிக்கு இந்தக் கோயில்ல மைக் கேட்டு வாங்கினேன்.

பள்ளி விடுமுறை முடியற ஞாயித்துக்கிழமை அது. காலையில ஷிப்ட். எங்கயோ காடு எரிஞ்ச புகைமூட்டம் அடிச்சு, ஹேங்கர் வாசல்ல நின்னா ஓடுபாதையே தெரியல. அன்னிக்கு எனக்குக் கொடுத்த ப்ளேன் மத்தியானம் கோத்தா கினபாலு போகணும். முன்பக்கம் டீ, காப்பி போடற இடம் இருக்கும்ல, அதுக்கு நேர் கீழ, தரைக்கு அடியில ஒரு சின்ன ரூம் இருக்கு. ப்ளேனோட மூளை முழுக்க அங்கதான். ரேடியோ, நான் இன்ன ப்ளேன், இன்ன இடத்துல இருக்கேன்னு ஊருக்குச் சொல்ற பொட்டி, எல்லாம் அடுக்கடுக்கா நிக்கும். மேலருந்து தண்ணி வெளிய போற ஹோஸ் ஒண்ணு அந்த அடுக்குக்கு மேலயே ஓடும். அதைப் பிடிச்சிருந்த கிளாம்ப்போட மரை தேஞ்சிருச்சு. முறுக்கினா நிக்கிற மாதிரி நின்னு, திரும்பத் தளந்துச்சு.

புதுசு மாத்தணும். ஸ்டோர்ல கேட்டேன், கைவசம் இல்ல, நாளைக்குத்தான் வரும்னாங்க. அப்படின்னா ப்ளேன் போக முடியாது. அந்த மாசம் என்னால ரெண்டு ப்ளேன் ஏற்கனவே லேட்டு. இன்னொண்ணு ஆச்சுன்னா என்னை மேல கூப்பிடுவாங்க. நான் பழைய கிளாம்ப்பையே ஒரு கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். பேப்பர்ல 'மாத்தியாச்சு'ன்னு எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

என் வேலையைச் சரி பார்க்கிறவரு ஹாஷிம், என்சிக்னு மரியாதையாக் கூப்பிடுவோம். கண்ணு கழுகு மாதிரி. அவர் டார்ச்ச எடுத்துக்கிட்டு அந்த ஓட்டைக்குள்ள தலைய விட்டப்ப நான் கண்ண மூடிக்கிட்டேன். மனசுக்குள்ள சொன்னேன்: ஐயா, இதை மறைச்சிடுங்க. யார் கண்ணுலயும் படக்கூடாது.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடிச்சுச்சு. தலைய வெளிய எடுத்தாரு. ஹலோ, ஹலோன்னாரு. அந்தப் பக்கம் யாரும் பேசலை. ரெண்டு தடவை கேட்டுப் பார்த்துட்டு வெச்சாரு. அப்புறம் திரும்ப உள்ள குனியல. கதவச் சாத்திட்டு அவரும் கையெழுத்துப் போட்டாரு. எனக்கு என்ன சந்தோசம் தெரியுமா? ஐயா கேட்டுட்டாருன்னு நெனச்சேன்.

ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, காடிய வாசல்ல நிறுத்தி அதைக் கழுவிக்கிட்டு இருந்தேன். என் சம்சாரம் புஷ்பா உள்ள சமைச்சுக்கிட்டு இருந்துச்சு. வீட்டு கேட்டுக்கு வெளிய கதிர் வந்து நின்னான். எங்க வரிசையிலயே நாலு வீடு தள்ளி இருக்கிற பையன், ஏர்கோன் மாட்டற வேலை. இடுப்புல ரெண்டு வயசு மகள். கையில போன்.

"அண்ணே, நீங்க ப்ளேன் வேலைதானே? இதைக் கொஞ்சம் பாருங்கண்ணே."

அவன் சம்சாரம் ரேவதி டீச்சர். சபாவுல, கோத்தா கினபாலு பக்கம் போஸ்டிங். விடுமுறை முடிஞ்சு அன்னிக்குத்தான் திரும்பிப் போச்சு. ப்ளேன் எங்க போவுதுன்னு காட்டற ஆப்புல, ஏத்தி விட்டதுலருந்து பார்த்துக்கிட்டே இருந்திருக்கான். நீலக் கடலுக்கு நடுவுல ஒரு சின்ன மஞ்சள் ப்ளேன். அசையல.

"பத்து நிமிசமா இதே இடம்ணே. நெட் ஸ்லோவோன்னு அடைச்சுத் திறந்தேன். திரும்ப இங்கயேதான் நிக்குது."

நான் போன கையில வாங்கினேன். மஞ்சள் ப்ளேனுக்குக் கீழ அதோட பதிவு எழுத்துங்க. காலையில என் கையால பேப்பர்ல எழுதின அதே எழுத்துங்க. தண்ணிக் குழாய் என் காலு மேல ஓடிக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியல.

நாங்க பார்த்துக்கிட்டு இருக்கறப்பவே அந்தப் படம் மறைஞ்சுது. வெறும் கடல்.

"அலமாக்! அண்ணே, எங்கண்ணே போச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா. ஆப்பு அப்படித்தான். கரையில இருக்கிற ஏரியலுக்கு எட்டற வரைக்கும்தான் காட்டும். நடுக்கடல் போயிட்டா எட்டாது."

"போன வாட்டி காட்டுச்சே? அங்க இறங்கற வரைக்கும் பார்த்தேனே."

நான் போன அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்தேன்.

அவன் விடல. "தெரியாமத்தான் கேக்கறேண்ணே. என் போன் தொலைஞ்சாலே எந்த ரோட்டுல கிடக்குன்னு காட்டுது. இவ்ளோ பெரிய ப்ளேன் எப்படிண்ணே காணாம போவும்?"

சொன்னேன். வேற யாரும் இல்லையே அவனுக்குச் சொல்ல. "ப்ளேன் இருக்கிற இடத்த நம்ம போய்ப் பார்க்கறது இல்ல கதிரு. அதுவே சொல்லுது. உள்ள ஒரு பொட்டி இருக்கு. கீழருந்து யாருன்னு கேட்டா, நான்தான், இந்த உயரத்துல இருக்கேன்னு பதில் சொல்லும். அந்தப் பதில்தான் எல்லாத் திரையிலயும் பேரோட தெரியறது."

"அது பதில் சொல்லாட்டி?"

"பழைய ரேடார் இருக்கு. அது ப்ளேனோட உடம்புல பட்டுத் திரும்பி வரும். ஆனா வெறும் புள்ளிதான். பேரு இருக்காது. பறவைக் கூட்டம், மழை மேகம் எல்லாமே அப்படிப் புள்ளியாத்தான் வரும். அதனால கம்ப்யூட்டரே அதையெல்லாம் ஒதுக்கிடும். அந்த ரேடாரும் கரையிலருந்து கொஞ்ச தூரம்தான் எட்டும்."

"அப்ப பேசவே இல்லன்னா, பறந்துக்கிட்டு இருந்தாலும் யாருக்கும் தெரியாதா?"

நான் குனிஞ்சு தண்ணிக் குழாய மூடினேன்.

அவன் ரேவதி நம்பருக்கு அடிச்சான். ஸ்பீக்கர்ல போட்டான். ரிங் போச்சு. சத்தியமாச் சொல்றேன், ரிங் போச்சு. கதிர் முகம் பூவா மலர்ந்துச்சு. "அண்ணே, ரிங் போவுதுண்ணே! இறங்கிட்டாங்க போல!" ஆளு கிடைக்காட்டியும், லைன் தேடற நேரத்துல சில சமயம் அந்தச் சத்தம் மட்டும் நம்ம காதுக்கு வரும். அது ரேவதி போன் அடிக்கிற சத்தமே இல்ல. எனக்கு அது தெரியும். குழந்தை அந்தச் சத்தத்தக் கேட்டு "ம்மா, ம்மா"ன்னுச்சு. ரிங் போய்க்கிட்டே இருந்து, தானா நின்னுச்சு.

நான் உள்ள போனேன். ஹேங்கர் வாட்ஸாப் குரூப்ல ஒருத்தன் மட்டும் கேட்டிருந்தான், 'இன்னிக்குக் காலையில அந்த ப்ளேன் யார் பார்த்தது?' கீழ யாரும் பதில் போடலை. எல்லாரும் படிச்சிருக்காங்க. ஒரு நிமிசம் கழிச்சு அவன் அந்தக் கேள்வியையும் அழிச்சிட்டான்.

சாமி ரூம்ல ஐயா படத்துக்கு முன்னால நின்னேன். அருவாளும் மீசையுமா அவர் என்னைப் பார்த்தாரு. புகைமூட்டத்துல ஜன்னல் முழுக்க வெள்ளையா இருந்துச்சு. காலையில நான் என்ன கேட்டேன்? யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு கேட்டேன். இப்ப அது யார் கண்ணுலயும் படல. அவர் என் வார்த்தைய அப்படியே எடுத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

எனக்கு அழுகை வரல. பயம்தான். அந்த நேரத்துலயும், உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், ஒரு யோசனை ஓடுச்சு. ப்ளேன் கடல்ல விழுந்திருந்தா அந்தக் கிளாம்ப்ப யாரும் பார்க்கப் போறது இல்ல. அப்படி ஒரு நெனப்பு எனக்குள்ள வந்துச்சு. வந்த உடனே ஐயா படத்துக்கு முன்னால தரையில விழுந்தேன்.

"ஐயா, காலையில கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன்"னு வாய்விட்டே சொன்னேன். "என்னை எல்லாருக்கும் காட்டுங்க. வேலை போவட்டும், ஜெயிலுக்கு வேணும்னாலும் போறேன். அந்தப் பொண்ண மட்டும் காட்டுங்க. அந்த ப்ளேனக் காட்டுங்க."

சத்தம் கேட்டு புஷ்பா கரண்டியோட வந்துச்சு. விசயத்தச் சொன்னேன். அது திட்டல. "சாமிகிட்ட சொல்லியாச்சுல்ல? இப்ப மனுசன்கிட்ட சொல்லுங்க"ன்னு போன எடுத்து என் கையில வெச்சுச்சு.

யாருக்குச் சொல்றதுன்னு யோசிக்கறதுக்குள்ள என் விரலு நம்பர அழுத்திருச்சு. அதுதான் எனக்குக் கிடைச்ச முதல் பதில். என் கைய வேற யாரோ பிடிச்ச மாதிரி.

என்சிக் ஹாஷிம்கிட்ட மலாய்ல சொன்னேன். "என்சிக், அந்தக் கிளாம்ப்ப நான் மாத்தல. பேப்பர்ல பொய் எழுதினேன். தண்ணி நேரா ரேடியோ அடுக்கு மேலதான் சொட்டும்."

"யா அல்லா"ன்னாரு. அப்புறம், "நானும் பார்க்காமக் கையெழுத்துப் போட்டேன் குணா. வா, ரெண்டு பேருமே சொல்லுவோம்"ன்னாரு.

விமானத் தேடுதல் ஆபீஸுக்கு அவரே லைன் போட்டுக் கொடுத்தாரு. ஒரு அம்மா பேசுனாங்க. குரல்ல ஒரு பதட்டம் இல்ல. நான் யாரு, என்ன செஞ்சேன்னு ரெண்டு வரியில கேட்டுக்கிட்டு, நேரா விசயத்துக்கு வந்தாங்க.

"தண்ணி இறங்கினா என்னென்ன செத்துப் போகும்?"

"ரேடியோ, அடையாளம் சொல்ற பொட்டி, ரெண்டும். ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு ஜோடியா இருக்கும். ஆனா ஜோடியும் பக்கத்துலயேதான் இருக்கு."

"என்ஜின்?"

"ஓடும். இறக்கைக்கும் ஒண்ணும் ஆகாது. பைலட்டுக்குத் தனி பேட்டரியில சின்ன மீட்டர்ங்க இருக்கு. ப்ளேன் நல்லாப் பறக்கும். வாய்தான் பேசாது."

அந்தம்மா போன மூடாமலே பக்கத்துல யாருக்கோ சொன்னாங்க. "மறைஞ்ச இடத்துல மட்டும் தேடாதீங்க. ஒதுக்கி வெச்ச புள்ளி எல்லாத்தையும் திரையில கொண்டு வாங்க. கரையோரம் இருக்கிற எல்லா ஏர்போர்ட்டுக்கும் சொல்லுங்க, பேரில்லாம ஒரு ப்ளேன் வரலாம்." என்கிட்ட, "சாபார், லைன்லயே இருங்க"ன்னாங்க. பொறுமையா இருன்னு அர்த்தம்.

நான் வெளிய போய் கதிர் பக்கத்துல, ஈரத் தரையில உக்காந்தேன். போன் காதுல. அந்தப் பக்கம் கீபோர்ட் சத்தம், தூரத்துல யார் யாரோ பேசற சத்தம். கதிர் என்னையே பார்த்தான். குழந்தை அவன் தோள்ல தூங்கிருச்சு. நான் மனசுக்குள்ள ஐயா, ஐயான்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

எவ்ளோ நேரம்னு தெரியாது. அந்தம்மா குரல் வந்துச்சு. "ஒரு புள்ளி இருக்கு. சரவாக் கரையப் பார்த்து வருது."

அப்புறம் நடந்தது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. கரையோரம் இருந்த ஒரு சின்ன ஏர்போர்ட்டப் பார்த்து பைலட் திரும்பியிருக்காரு. அங்க கோபுரத்துல இருந்தவங்களுக்கு அப்படி ஒரு ப்ளேன் வர்றதே தெரியாது. புகைமூட்டம் வேற. அதே ஓடுபாதையில வேற ஒரு ப்ளேன் கிளம்பறதுக்கு வந்து நின்னுச்சாம். தகவல் போனதும் அதை ஓரங்கட்டினாங்க. லைட்டெல்லாம் முழுசாப் போட்டாங்க. ரேடியோ செத்த ப்ளேனுக்குக் காட்டறதுக்குன்னே கையில பிடிக்கிற ஒரு விளக்கு எல்லாக் கோபுரத்துலயும் இருக்கும். பச்சை காட்டினா இறங்கலாம். புகைக்குள்ளருந்து ப்ளேன் மூக்கு தெரிஞ்சப்ப ஒரு ஆளு அந்தப் பச்சைய அதுக்கு நேராப் பிடிச்சாராம். இறங்கிருச்சு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல.

கதிர் போன் அடிச்சுச்சு. இந்தத் தடவை நெசமாவே அடிச்சுச்சு.

"ஏங்க, எதுக்கு இத்தன மிஸ்ட் கால்? பாப்பாவுக்கு என்ன?" ரேவதி குரல். "வேற எங்கயோ இறக்கி விட்டுட்டாங்க. உள்ள லைட்டெல்லாம் போயிருச்சு, டீ கூடக் குடுக்கல. ஜன்னல்ல பார்த்தா வெள்ளை வெள்ளையா, ஒண்ணுமே தெரியல. நான் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன்."

ஒரு மணி நேரம் உலகத்துலயே இல்லாம இருந்தது அதுக்குத் தெரியவே இல்ல.

கதிர் என் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். "அண்ணே, உங்களாலதாண்ணே"ன்னு அழுதான். அங்கயே விட்டிருந்தா நான் அவனுக்குக் கடவுள். நான் கைய இழுத்துக்கிட்டு, "ஆமா, என்னாலதான்"னு சொல்லிட்டு, கிளாம்ப் கதைய முழுசாச் சொன்னேன். அவன் குழந்தையத் தூக்கிக்கிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிட்டான். ரொம்ப மாசம் என்னைப் பார்த்தா முகத்தத் திருப்பிக்குவான். இப்ப தலைய மட்டும் ஆட்டறான். அது போதும் எனக்கு.

விசாரணை நடந்துச்சு. என் லைசென்ஸ் போச்சு. இப்ப ஒரு லோரி பட்டறையில பிரேக் பார்க்கிறேன். எங்கிட்ட பொருள் இல்லன்னா, இல்லன்னு எழுதறேன். லோரி நிக்கட்டும். முதலாளி கத்தறாரு. நான் ராத்திரி தூங்கறேன்.

ஐயா வந்து ப்ளேனத் தாங்கிப் பிடிச்சாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஓட்டினது பைலட்டு, தேடினது அந்தம்மா. ஆனா அன்னிக்கு என் தொண்டையில அடைச்சிருந்ததத் தட்டி எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். அவருக்கு நான் பட்ட கடன் தீராது.

இங்க உக்காந்திருக்கிற உங்கள்ல யாராவது ஒண்ணச் சொல்லாம வெச்சிருக்கலாம். வீட்டுல, வேலையில, டாக்டர்கிட்ட. பயமாத்தான் இருக்கும். ஐயாவ நம்பி வாயத் திறங்க, மிச்சத்த அவர் பார்த்துக்குவாரு. பூசை முடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். இப்பவே எழுந்து வெளிய போய் போன் பண்ணிட்டு வாங்க. தனியாப் போகப் பயமா இருந்தா, நான் செருப்பு விடற இடத்துலதான் நிப்பேன். கூட வர்றேன்.