பஞ்சுக்காரர் வீட்டு விரிசல்

கேலண்டர் அச்சடிக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் படத்தைப் பார்த்தாலும் திருத்தக் கை பரபரக்கும். எங்கள் அப்பாவுக்கு அது முற்றிப்போயிருந்தது. திருத்தங்கல்லில் ஓர் அச்சகத்தில் படங்களுக்கு டச்சப் செய்வதுதான் அவர் வேலை. அருவிக்கு நீலம் கூட்டுவார், குழந்தையின் கன்னத்தில் சிவப்பு ஏற்றுவார், வானம் வெறிச்சென்று இருந்தால் நாலு கிளியைப் பறக்கவிடுவார்.

அப்பாவின் தங்கையான என் அத்தை வேறு ரகம். நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், ஊர்க்கோடியில் பூட்டிக்கிடந்த பஞ்சுக்காரர் வீட்டைப் போய்ப் போய்க் கருப்பு வெள்ளையில் படமெடுத்தாள். யாரோ பஞ்சு வியாபாரி அந்தக் காலத்தில் கட்டிய பெரிய வீடு அது. டிஜிட்டல் வந்து மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பழைய என்லார்ஜரை, அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கும் கருவியை, வாங்கி வந்து, குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, சிவப்பு பல்பு வெளிச்சத்தில் பிரிண்ட் போட்டாள். நாங்கள் கொல்லையில் குளித்தோம். அம்மா அதற்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

சென்னைக் கல்லூரி ஒன்று மதுரையில் நடத்தும் கண்காட்சிக்கு அந்தப் படங்கள் தேர்வானால், சென்னையில் புகைப்படம் படிக்க அத்தைக்கு இடம் கிடைக்கும். அவளுக்கு அதே நினைப்பு. அப்பாவோ போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

படங்களை வைத்து அனுப்ப அட்டை வாங்க அத்தை கடைக்குப் போயிருந்த மத்தியானம், காயவைத்திருந்த படங்களை அப்பா பார்த்தார். எல்லாவற்றிலும் சுவர் நெடுக விரிசல், அதில் சாய்வெயில். அவருக்கு மனசு கேட்கவில்லை. இப்படியே அனுப்பினால் பிள்ளை தோற்றுப்போகும் என்று என்னிடம் வருத்தப்பட்டுவிட்டு, மையும் தூரிகையுமாக உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் வீடு புத்தம் புதிதாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அத்தை வந்து பார்த்தாள். வாங்கி வந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"அந்த விரிசலுக்காகத்தாண்ணே நான் அங்கன போனதே," என்றாள்.

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. மறுபடி பிரிண்ட் போடப் பேப்பரும் இல்லை. அன்று அவர் சாப்பிடவில்லை.

அச்சகத்தில் அது சாவு விழுந்தாலும் லீவு கிடைக்காத கேலண்டர் சீசன். ஆனாலும் மறுநாள் அப்பா வேலைக்குப் போகாமல் மதுரை பஸ் ஏறி, போட்டோ பேப்பரோடு திரும்பினார். அத்தை உள்ளே போனதும் குளியலறைக் கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருக்கும் வாளி வேண்டுமென்று அம்மா வந்தபோது, கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுவிடும் என்று அவளையே திருப்பி அனுப்பினார்.

வெகுநேரம் கழித்து அத்தை ஈரம் சொட்டும் படத்தோடு வந்து கதவருகே நின்றாள். அப்பா அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"விரிசல இன்னுங் கொஞ்சம் கருப்பாக் கொண்டு வாத்தா," என்றார். "மெட்ராஸ்காரங்க பாக்கப்போறது அதத்தான."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனாள். படம் கழுவும் மருந்து கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். அப்பா அவளைச் சென்னைக்குப் போகச் சொல்லிவிட்டார் என்பது எனக்கு எங்கே தெரியும்?